மொழிபெயர்ப்பு: விஹ்ரா மின்ச்சேவா

விஹ்ரா சுட்ட குடமிளகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது மகன் யாவோர் கைப்பிரதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். செப்டம்பர் மாதம், சோஃபியா நகரத்தில் எந்த பால்கனியைப் பார்த்தாலும் மிளகாய் சுடும் வாசம்தான். மூன்று வருடம் முதுகொடிய அவள் எழுதிய நாவல் அது. முதன்முறையாக அட்டையில் அவள் பெயர் வரப்போகிற நாவல். மாயக்கதைகளுக்கென்றே நடக்கும் ஒரு பத்திரிகையில் யாவோர் விமர்சனம் எழுதுகிறான். வயது இருபத்திரண்டுதான், ஆனால் பதிப்பாளர்கள் அவன் பேனாவுக்குப் பயப்படுவார்கள். அதனால்தான் முதலில் அவனிடம் கொடுத்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காத. நல்லா எழுதியிருக்க. ஆனா இது உன்னோடது இல்ல. கார்வெல்லோடது."

எட்வின் கார்வெல்! அந்தப் பெயரைக் கேட்டாலே விஹ்ராவுக்கு வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கம்யூனிஸ்ட் ஆட்சி போய் ஆளாளுக்குப் பதிப்பகம் தொடங்கிய நேரத்தில், விஹ்ரா தன் முதல் நாவலை போஷ்கோவ் என்ற பதிப்பாளரிடம் கொண்டுபோனாள். அவன் படித்துவிட்டுத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினான். பிறகு, பல்கேரியக்காரி எழுதின மாயக்கதையை எந்த மடையன் வாங்குவான் என்று கேட்டான். அப்போது ஊரே அந்தப் பித்தலாட்டத்தைத்தான் செய்துகொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் பல்கேரிய மொழியில் எழுதிவிட்டு அட்டையில் ஓர் ஆங்கிலப் பெயரை ஒட்டுவார்கள். உள்ளே பொடி எழுத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். விஹ்ராவும் கார்வெல் ஆனாள்.

அவள் கதையில் கொத்தனார்கள் வழிப்போக்கனின் நிழலை நூலால் அளந்து, அந்த நூலைப் பாலத்துச் சுவருக்குள் வைத்துக் கட்டிவிடுவார்கள். பாலம் இடியாமல் நிற்கும். நிழலைக் கொடுத்தவன் நாற்பது நாளில் செத்துப்போவான். அவள் பிறந்த மலையூரில் எல்லோருக்கும் தெரிந்த நம்பிக்கை அது. ஓர் ஆங்கிலேயனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று யாராவது கேட்டால்? கார்வெல் பால்கன் மலைகளைக் கால்நடையாகச் சுற்றியவர் என்று போஷ்கோவ் பின்னட்டையில் கூசாமல் புளுகினான். மூன்று புத்தகத்தோடு போதும் என்று அவள் சொன்னதும் கார்வெல்லை ஒரு படகு விபத்தில் சாகடித்தும் விட்டான்.

மகனிடமாவது சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளை, வெளியே உளறிவிடுவான் என்று தள்ளிப்போட்டாள். அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது அவன் அப்பா டிராமில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு பிள்ளை பேசவில்லை, தூங்கவில்லை. ஒருநாள் கார்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்து, நீதானே அவருக்கு மொழிபெயர்க்கிறாய், அனுப்பு என்று நீட்டினான். பெற்ற மனம் என்ன செய்யும்? பதில் வந்தது. அவளே இடதுகையால் எழுதிய ஆங்கிலம். கீழே அம்மாவின் மொழிபெயர்ப்பு. எனக்கும் பத்து வயதில் அப்பா போய்விட்டார், விளக்கை அணைக்காமலே தூங்கு, தைரியசாலிகளும் அப்படித்தான் தூங்குகிறார்கள் என்று அதில் இருந்தது. அன்றைக்குத்தான் அவன் தூங்கினான்.

இப்போது அவன் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தான். இவ்வளவு காலம் மொழிபெயர்த்ததில் அவர் குரல் உன்மேல் ஒட்டிக்கொண்டது, வெளியிட்டால் ஊர் சிரிக்கும், நானே அதைக் கண்டித்து எழுத வேண்டிவரும் என்றான். நிழலை நூலால் அளப்பது என் ஊர்க் கதை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் அங்கே வந்துதானே கேட்டார், பின்னட்டையிலேயே இருக்கிறதே என்றான். விஹ்ராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"டேய், நான்தான்டா கார்வெல்."

யாவோர் சிரித்தான். பிறகு கைப்பிரதியைத் திறந்து ஒரு பக்கத்தைப் படித்தான். சிரிப்பு நின்றுவிட்டது. பர்ஸிலிருந்து மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அந்தக் கடிதம்தான்.

"காப்பி அடிச்சா இவ்வளவு சுத்தமா வராதும்மா. இதை நீ எழுதியிருந்தா, அப்போ இந்த லெட்டர்?"

அவன் முகம் பத்து வயதுப் பிள்ளையின் முகமாகிவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாவல் அவளுடையது. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியவர் இல்லாமல் போய்விடுவார்.

"லெட்டர் அவரோடதுதான்," என்றாள். "இந்த நாவலும் அவரோடது. சாகறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பினார். என் பேர்ல போட்டுக்கலாம்னு பார்த்தேன்."

அம்மாவை அப்படி ஒரு பார்வை அவன் அதுவரை பார்த்ததில்லை. எப்படி உனக்கு மனசு வந்தது என்று மட்டும் கேட்டான். பிறகு கடிதத்தைப் பத்திரமாக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு எழுந்து போனான். அவள் மீதி மிளகாயையும் உரித்து முடித்தாள்.

வசந்தத்தில் புத்தகம் வந்தது. எட்வின் கார்வெல்லின் கடைசி நாவல். உள்ளே பொடி எழுத்தில்: மொழிபெயர்ப்பு, விஹ்ரா மின்ச்சேவா. இரண்டே வாரத்தில் விற்றுத் தீர்ந்தது. யாவோர் விமர்சனத்தைத் தானே கொண்டுவந்து கொடுத்தான். இவரைப் போலச் செய்ய எத்தனையோ பேர் முயன்றார்கள், அசல் எது என்று இந்த நாவல் காட்டிவிட்டது என்று எழுதியிருந்தான். மொழிபெயர்ப்பு மட்டும் சில இடங்களில் தட்டையாக இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அவள் செய்யப் பார்த்த திருட்டைப் பற்றி எங்கும் மூச்சுவிடவில்லை. பிள்ளை அம்மாவைக் காப்பாற்றியிருந்தான்.

அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவனுக்கும் மனம் இளகியது. எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் தோளில் கை வைத்தான்.

"விடும்மா. கார்வெல் உயிரோட இருந்திருந்தா உன்னை மன்னிச்சிருப்பார்."

"ஆமாடா," என்றாள் விஹ்ரா. "நல்ல மனுஷன்."