பங்கு இறைச்சி

பனையோலைக் கூடையோடு யுவென்டா வேலிக்கு அப்பால் வந்து நின்றதுமே, அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யுவென்டா என் கணவர் தொனாத்துஸின் தங்கை. மேலூரில் அவர்களுடைய பெரியப்பா இறந்ததற்கு நான் போகவில்லை. போகாதவர்களுக்கும் சாவு வீட்டு இறைச்சியில் பங்கு வந்துவிடும். திருப்பி அனுப்பினால் உறவே வேண்டாம் என்று சொன்னதாகிவிடும்.

"பட்டிப் பக்கம் போகாத. சுண்ணாம்பு போட்டிருக்கேன் பாரு, அதைத் தாண்டாத."

"ஏன் அண்ணி, உங்க பன்னி என்ன பிஷப்பா, சொல்லிட்டு வந்து பாக்கறதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் பன்றிகளுக்கு வந்த காய்ச்சல் எங்கள் ஊர்ப் பட்டிகளையெல்லாம் காலி செய்தது. மிஞ்சியது என் தாய்ப்பன்றி ஒன்றுதான். இப்போது சினை, இன்றைக்கோ நாளைக்கோ ஈன்றுவிடும். குட்டிகளுக்கு ஊரே காத்திருக்கிறது. அவற்றை நம்பித்தான் மகளை எண்டே நகரத்தில் நர்ஸ் படிப்புக்குச் சேர்த்திருக்கிறோம். வெளியிலிருந்து வரும் பன்றி இறைச்சி, எலும்பு, கழுவிய தண்ணீர் எதுவும் பட்டியை அண்டக் கூடாது என்று கால்நடை ஊழியர் சொல்லியிருந்தார். ஆள் நுழையாமலே தண்ணீர் காட்டுவதற்காக, வேலிக்கு வெளியிலிருந்து தொட்டி வரைக்கும் நானே மூங்கில் குழாய் பதித்திருந்தேன்.

கூடையை வாங்கி முருங்கைக் கிளையில் உயரமாகக் கட்டிவிட்டு, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, யுவென்டாவை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, பன்றிக்குச் சர்க்கரைவள்ளிக் கொடி அறுக்கப் போனேன்.

திரும்பி வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கிளையில் கூடை இல்லை.

"அண்ணன் வந்தா சூடாச் சாப்பிடட்டும்னு வேக வெச்சுட்டேன்" என்றாள் யுவென்டா.

"கழுவின தண்ணி எங்கடி?"

"கீழயா கொட்டுவாங்க? ரத்தத் தண்ணி அண்ணி, சத்து. புள்ளத்தாச்சி, பாவம், குடிக்கட்டும்னு ஊத்தினேன்."

"தாண்டாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"எங்க தாண்டினேன்? நீங்க வெச்ச குழாயிலதானே ஊத்தினேன்!"

திட்ட வந்ததை விட்டுவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அங்க அறுத்த பன்னி நல்லாத்தானே இருந்துச்சு?"

யுவென்டா அகப்பையால் குழம்பைக் கிளறினாள். "நல்ல கொழுத்த பன்னி அண்ணி. ரெண்டு நாளாத் தீனி எடுக்கலயாம். எப்படியும் சாவுக்கு வேணும்ல, அதான்..."

கொடிக் கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். தொட்டி நக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. மூங்கிலின் நுனியில் சிவப்பாக ஒரு சொட்டு இன்னும் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்காக என் பன்றி மூக்கை நீட்டியபடி நின்றது.