எசென்குல் வீட்டில் ஓடிய ஆறு

போர் முடிந்த மறுவருடம், செப்டம்பர் இருபத்தேழாம் தேதி விடிந்தபோது, எசென்குலின் வீட்டுக்குள், மேற்கே வெகுதூரத்தில் போர்முனையில் அவன் விட்டுவந்த தினீப்பர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பு மூலையில் சுவரிலிருந்து வந்து, கம்பளி விரிப்பைத் தாண்டி, வாசல் வழியாக வெளியேறி, முற்றத்தில் குதிரை கட்டும் முளையருகே மண்ணுக்குள் போய்விட்டது. நாலு முழ அகலம், முழங்கால் ஆழம். தண்ணீரில் லேசாகத் தாரின் வாடை இருந்தது. நண்பகலில் நின்றது. நின்ற பிறகு விரிப்பில் ஈரம்கூட இல்லை. மறுவருடம் அதே தேதியில் மறுபடியும் வந்தது, அதற்கடுத்த வருடமும்.

செகிஸ்-தெரெக் மலைக் கிராமம். அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை, எவ்வளவு நேரம் வரும் என்றுதான் கேட்பார்கள். அன்று காலையில் அக்கம்பக்கத்தார் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து எசென்குலின் வாசலில் தண்ணீர் காட்டினார்கள். கூட்டுப்பண்ணையில் தண்ணீர் பங்கிடும் வேலை ஒசோர்பையினுடையது. ஊரில் ஓடும் ஒவ்வொரு ஓடையும் அவருடைய நீர்ப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அவர் அளவுகோலோடு வந்தார், பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் இறங்கி அளந்தார், அகலம் எழுதினார், ஆழம் எழுதினார், பெயருக்கான கட்டத்தில் பென்சிலை நிறுத்தினார்.

“பேரு என்ன போடட்டும்? எசென்குல் ஓடைன்னு போட்டுரவா?”

“என் பேரைப் போடாதீங்க அண்ணே.”

“பேரில்லாத தண்ணிய மாவட்டத்துல ஒத்துக்க மாட்டாங்கப்பா.”

“அப்ப காலியா கெடக்கட்டும்.”

ஒசோர்பை ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு இருபத்தாறு வருடம் அங்கேயே கிடந்தது.

அளவுகோலில் அகப்படாத ஒன்றும் அந்த ஆற்றில் இருந்தது. அடுப்பருகே, தண்ணீரின் ஓரமாக, கம்பி சுற்றிய மர உருளை ஒன்று ஒவ்வொரு வருடமும் வந்து நிற்கும். தார் பூசிய கறுப்புத் தொலைபேசிக் கம்பி. அதன் மறுநுனி தண்ணீருக்குள் போய், சுவருக்குள் போய், எங்கோ போயிருந்தது. எசென்குல் விடியலிலேயே உருளையருகே உட்கார்ந்து கம்பியை ஒருமுறை இழுப்பான். சற்றுப் பொறுத்து மறுபக்கத்திலிருந்து இரண்டு இழுப்பு வரும். படையில் கம்பி போடுகிறவர்களின் சைகை அது. ஓர் இழுப்பு என்றால் இருக்கிறாயா என்ற கேள்வி. இரண்டு என்றால் இன்னும் விடு. மூன்று என்றால் வேலை முடிந்தது, கையை எடு. எசென்குல் உருளையைச் சுழற்றிக் கம்பியை விடுவான். நண்பகல்வரை விட்டுக்கொண்டே இருப்பான். மூன்று இழுப்பு ஒருநாளும் வந்ததில்லை.

மறுபக்கத்தில் யார் என்று அவனுக்குத் தெரியும். மோல்தோபெக், இதே ஊர்க்காரன், அவனைவிட நாலு வயது மூத்தவன். 1943இல் இருவரும் ஒரே படைப்பிரிவில் கம்பி போட்டார்கள். தினீப்பரின் அக்கரைக்குத் தொலைபேசி போயாக வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, மோல்தோபெக் ஓர் ஆட்டுத்தோலை ஊதிக் கட்டி, அதை நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு, கம்பி நுனியைப் பல்லில் கடித்தபடி இறங்கினான். அவனுக்கு நீச்சல் தெரியாது. மலையில் யாருக்குத் தெரியும்? எசென்குல் இக்கரையில் உருளையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலு மணி நேரம் அந்தக் கம்பி பேசியது. பிறகு அறுந்தது. அறுந்த இடத்தைத் தேடி மோல்தோபெக் அக்கரையிலிருந்து மறுபடியும் தண்ணீரில் இறங்கினான். நடு ஆற்றில் அவன் ஒட்டுப்போட்டதும் கம்பிக்கு உயிர் வந்தது, இரண்டு இழுப்பும் வந்தது. எசென்குல் விட்டான். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. மாலையில் ஓர் அதிகாரி வந்து, கம்பி போட்டது யார் என்று கேட்டார். கரையில் உருளையோடு நின்றவன் ஒருவன்தான். குளிரில் பல் கிட்டியிருந்தது, தலை மட்டும் ஆடியது. அதிகாரி அதை ‘ஆமாம்’ என்று எழுதிக்கொண்டார். வெள்ளியில் செய்த ‘துணிவுக்காக’ பதக்கம் எசென்குலின் நெஞ்சுக்கு வந்தது. மோல்தோபெக்கின் வீட்டுக்குச் சாவை அறிவிக்கும் கறுப்புக் காகிதம்கூட வரவில்லை. ‘தகவலின்றிக் காணாமற்போனார்’ என்று ஒரு பழுப்புத் தாள் மட்டும் வந்தது.

செகிஸ்-தெரெக்கில் சாவுச் செய்தியை ஒருவர் தனியாகப் போய்ச் சொல்லக்கூடாது. மூன்று பெரியவர்களாவது சேர்ந்து போய், மழையைப் பேசி, குதிரையைப் பேசி, மெல்ல மெல்லக் கொண்டுவந்து இறக்க வேண்டும். எசென்குல் ஊர் திரும்பியதும் பெரியவர்களிடம் போனான். அவர்கள் தாடியைத் தடவினார்கள்.

“கறுப்புக் காகிதம் இல்லாம ஒருத்தனைச் சாகடிக்க எங்களுக்கு வாய் வராதுடா. நாளைக்கே அவன் வாசல்ல குதிரையில வந்து எறங்கினா?”

ஆகவே அவன் தனியாகத்தான் மோல்தோபெக்கின் மனைவி ஐம்கானிடம் போனான். கணவனின் குளிர்கோட்டு ஆணியில் தொங்கியது. சேணத்துக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“கொழுந்தனாரே, கடைசியா எங்க பார்த்தீங்க அவரை?”

“ஒரு ஆத்தங்கரையில அண்ணி.”

“நீங்க எந்தக் கரை?”

“இந்தப் பக்கம்.”

“அப்ப அவரு அந்தப் பக்கம் இருக்காரு,” என்றாள் ஐம்கான். நிம்மதியாகக் கோப்பையைக் கழுவி வைத்தாள்.

அதற்கு மேல் சொல்ல எசென்குலால் முடியவில்லை. கணவன் செத்துவிட்டான் என்று காகிதம் வந்துவிட்டால், ஊர் வழக்கப்படி அவளைக் கட்டிக்கொள்ளும் முறையுள்ள அதே குலத்து இளையவர்களில் அவனும் ஒருவன். சொல்லி லாபமடையப் போகிறவனே அதைச் சொன்னால் அது செய்தியாகாது. அவன் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அவளும் கறுப்பு உடுத்தவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை, நினைவு விருந்து கொடுக்கவில்லை. பண்ணை ஆடுகளோடு கோடையில் மேலே மேய்ச்சலுக்குப் போவாள், அக்டோபரில் இறங்கி வருவாள். அதனால் அந்த ஆற்றை அவள் பார்த்ததே இல்லை. யாராவது சொன்னால், “ஆம்பிளை தனியா இருக்கிற வீடு, எதுதான் ஓடாது,” என்பாள்.

1949இல் எசென்குல் படைப்பதிவு அலுவலகத்துக்கு இரண்டு நாள் குதிரையில் போனான். அங்கே லிதியா பெத்ரோவ்னா என்ற எழுத்தர் இருந்தார். மேசையில் பதக்கத்தைக் கழற்றி வைத்தான்.

“இது என்னோடது இல்லம்மா. மோல்தோபெக்கோடது. திருத்திக் கொடுங்க.”

“திருத்தத்துக்குப் படிவம் கிடையாது தோழர்.”

“அவன் பேருக்கு நான் மனு போடறேன்.”

“சொந்தக்காரர் போடலாம், தளபதி போடலாம். நீங்க ரெண்டும் இல்ல.”

“தளபதி செத்துட்டாரு.”

லிதியா பெத்ரோவ்னா கெட்டவர் இல்லை. பேனாவை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்கு. உங்க பதக்கத்தை மேல்நிலை விருதா உயர்த்தச் சொல்லிக் கேளுங்க. அப்பத்தான் பழைய தாளைக் காப்பகத்துல இருந்து வெளிய எடுப்பாங்க. நடந்ததை முதல்ல இருந்து முழுசா எழுதுவாங்க. அதுல உங்க ஆளும் வந்துருவாரு.”

எசென்குல் பெரிய விருதுக்கு மனுப் போட ஆரம்பித்தது இப்படித்தான். தோல் பை, பல்லில் கடித்த கம்பி, நாலு மணி நேரம், நடு ஆறு, எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொரு வரியிலும் மோல்தோபெக்கின் பெயரை எழுதினான். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஒரு மனு. சில வருடம் பதில் வராது. சில வருடம் சாட்சி கேட்டு வரும். சாட்சிகள் ஆற்றடியில் இருந்தார்கள். ஊரில் விஷயம் பரவியது, மனுவில் என்ன இருந்தது என்பது மட்டும் பரவவில்லை. கடையில் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்.

“என்ன எசென்குல், நெஞ்சுக்கு ஒண்ணு போதலையா? முதுகுலயும் ஒண்ணு குத்திக்கணுமா?”

“விடுப்பா. ஆறே அவன் வீட்டுக்கு வருது, நட்சத்திரம் வராதா?”

அவன் உப்பையும் தேயிலையையும் வாங்கிக்கொண்டு திரும்புவான். விளக்கம் சொன்னால் ஐம்கானின் காதுக்குப் போய்விடும். விருந்துகளில் அவனைக் கூப்பிடுவது குறைந்தது. கூப்பிட்டாலும் வாசலருகேதான் இடம், சதையில்லாத எலும்புதான் பங்கு. பேராசைக்காரனுக்கு அதற்கு மேல் யாரும் வைப்பதில்லை. அவனோடு முழுசாகப் பேசுகிறவர் வருடத்துக்கு ஒருமுறை அளக்க வரும் ஒசோர்பை மட்டும்தான். அவரும் அகலம், ஆழம், நேரம் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. மற்றபடி அவனுக்குப் பேச்சுத்துணை கம்பிதான். வருடத்தில் ஒரு காலை, இரண்டு இழுப்பு.

1971 மே மாதம், இருபத்திரண்டாவது மனுவுக்கு விருது வந்தது. செந்நட்சத்திரம். மாவட்டத்திலிருந்து கார் வந்தது, ஊர் மன்றத்தில் இசைத்தட்டு போட்டார்கள், ஓர் இளம் அதிகாரி புதிய சான்றை உரக்கப் படித்தார். தோல் பை அதில் இருந்தது. பல்லில் கடித்த கம்பி இருந்தது. நாலு மணி நேரம் இருந்தது, நடு ஆறும் இருந்தது. எல்லாவற்றையும் செய்தவர் எசென்குல் என்று இருந்தது. சான்றுத் தாளில் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான் உண்டு, அதில் யார் மனுப் போட்டாரோ அவருடைய பெயர்தான் ஏறும். இதுவரை அவனிடம் இருந்தது மோல்தோபெக்கின் பதக்கம் மட்டும். இப்போது மோல்தோபெக்கின் நீச்சலும் அவனிடம் வந்துவிட்டது.

அன்று விருந்தில் முதன்முறையாக அவனை முதல் இடத்தில் உட்காரவைத்து ஆட்டுத்தலையை அவன் முன்னால் வைத்தார்கள். அவன் கத்தியை எடுக்கவில்லை. அளவுக்கு மீறிய மரியாதையில் திகைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். நட்சத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மாவு டப்பாவுக்குள் போட்டான்.

அந்த வருடம் மலையில் பனி முந்திக்கொண்டது. ஐம்கான் செப்டம்பர் இருபதிலேயே ஆடுகளோடு இறங்கிவிட்டாள். இருபத்தேழாம் தேதி விடிந்தபோது ஆறு எசென்குலின் வீட்டுக்குள் அடங்கவில்லை. வாசல் நிலையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, முளையைத் தாண்டி, மன்றத்தைச் சுற்றி, ஊரின் மறுகோடிவரை போனது. ஒசோர்பை நீண்ட அளவுநாடாவை இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி அளந்தார்: நாற்பது முழம். விருது உயர்ந்தால் ஆறும் உயருவதுதானே முறை என்று ஊர் அதை எடுத்துக்கொண்டது. எசென்குல் மட்டும் அடுப்பு மூலையில் உருளையைத் தேடினான். உருளை அங்கே இல்லை. கம்பி வாசலுக்கு வெளியே ஓடியது. இடுப்பளவுத் தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தான். அது ஐம்கானின் படியில் போய் நின்றது. அவள் உருளையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், கம்பி கையில் இருந்தது.

“கொழுந்தனாரே, இது அசையுதே.”

எசென்குல் தண்ணீரைவிட்டு ஏறாமல் நின்றான். மழையைப் பேச வேண்டும், குதிரையைப் பேச வேண்டும், மூன்று பெரியவர்கள் வேண்டும். இருபத்தைந்து வருடமாகச் சேர்த்து வைத்த எந்தச் சுற்றுவழியும் அவனுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

“அண்ணி, நீந்தினது அவன். நான் கரையில நின்னேன். அவன் ஆத்தைவிட்டு ஏறவே இல்ல.”

ஐம்கான் கம்பியை விடவில்லை. “அவருக்கு நீச்சல் தெரியாதே,” என்றாள்.

“தெரியாது.”

“அப்புறம் எப்படி?”

“ஆட்டுத்தோலை ஊதி. நுனியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு.”

“அந்த முன்பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டு இருந்துச்சு,” என்றாள். பிறகு, “உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இத்தனை வருஷமா.”

“தெரிஞ்சிருந்துச்சு.”

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவன் பின்னாளில் பலமுறை நினைத்தான். கம்பியை எப்படி இழுப்பது என்று மட்டும் கேட்டாள். அவன் சொன்னான். அவள் ஒருமுறை இழுத்தாள். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, ஒரு ஆடு குடித்துவிட்டுத் தும்மியது. மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது. ஒன்று. இரண்டு. எசென்குல் பழக்கத்தில் உருளைப்பக்கம் கையை நீட்டினான். அப்போது மூன்றாவது வந்தது.

“மூணுன்னா என்ன?”

“வேலை முடிஞ்சிது. கையை எடுன்னு அர்த்தம்.”

ஐம்கான் விரல் விரலாகக் கையைத் திறந்தாள். கம்பி அவள் மடியிலிருந்து வழுக்கி, படியிலிருந்து வழுக்கி, தண்ணீருக்குள் போனது. உருளை தானாகச் சுழன்று காலியானது. பிறகு அவள் எழுந்து உள்ளே போய், ஆணியிலிருந்து கோட்டை எடுத்துத் தரையில் விரித்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரியை ஆரம்பித்தாள். அது ஊர் முழுக்கக் கேட்டது. ஒப்பாரி கேட்டுவிட்டால் காகிதம் தேவையில்லை. பெரியவர்கள் ஊன்றுகோலில் சாய்ந்தபடி, அழுதுகொண்டே வந்து சேர்ந்தார்கள்.

ஒரு வருடம் கழித்து நினைவு விருந்து நடந்தது. வயதான பெண்குதிரை ஒன்றை அறுத்தார்கள். எலும்புகளைப் பங்கு வைக்கும்போது ஐம்கான் ஒரு பங்கைத் தன் கையாலேயே கொண்டுவந்து எசென்குலின் முன்னால் வைத்தாள். சதையுள்ள எலும்புதான், ஆனால் நடுத்தரமானது. அவனுக்கு உரியது அதுதான் என்பது அவனுக்கும் தெரிந்தது. முழுவதும் சாப்பிட்டான். யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கவில்லை. அவன் தன் வீட்டுக்கும் அவள் தன் வீட்டுக்கும் போனார்கள்.

விருந்து முடிந்த மறுநாள் ஒசோர்பை பதிவேட்டோடு எசென்குலின் வீட்டுக்கு வந்தார். கண் மங்கிவிட்டது, பென்சிலை முகத்தருகே பிடித்திருந்தார். “இப்பவாவது சொல்லுப்பா. காலியா விட்டா என் பின்னாடி வர்றவன் என்னைத் திட்டுவான்.” எசென்குல் சொன்னான். காலிக் கட்டத்தில் இழுத்திருந்த பழைய கோட்டின் மேல் எழுதினார். பதிவேடு மாவட்டத்துக்குப் போனது, முத்திரையோடு திரும்பி வந்தது. நாட்டில் மோல்தோபெக்கின் பெயர் இருந்த அரசாங்கத் தாள்கள் இரண்டு: காணாமற்போனார் என்ற பழுப்புத் தாள் ஒன்று, இது ஒன்று. ஐம்கான் முத்திரையிட்ட பக்கத்தைக் கைப்பட நகல் எழுதி வாங்கி, கோட்டு தொங்கிய ஆணியில் மாட்டினாள்.

ஆறு இப்போதும் வருகிறது. கம்பி வருவதில்லை. எசென்குல் தன் கடைசி வருடம்வரை அந்த நாளில் விடியலிலேயே அடுப்பு மூலையில் போய் உட்கார்ந்தான், தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு நண்பகல்வரை இருந்தான், பிறகு எழுந்து தேநீர் போட்டான். அவன் இறந்த பிறகு வீடு பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் கதவுக்கடியில் வருகிறது, ஆடுகள் குடிக்கின்றன. பதிவேட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: மோல்தோபெக் ஆறு. வருடத்தில் ஒரு நாள், விடியல் முதல் நண்பகல்வரை. அகலம் நாற்பது முழம். நீர் நல்ல நீர், லேசாகத் தார் வாடை.