மக்தலேனாவின் கச்சேரி

இடக்கைக்கு வெள்ளைக் கையுறை ஏறிவிட்டது. வலக்கைக்குத்தான் ஏறவில்லை. மலர்ச்சாலையிலிருந்து பிரேதத்துக்கு உடுப்பாட்ட வந்திருந்த சூசைப்பிள்ளை திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு நிமிர்ந்தார். சின்ன விரலும் அதற்கடுத்த விரலும் உள்ளங்கைக்குள் இறுக மடங்கிக் கிடந்தன.

"இது செத்த விறைப்பு இல்லை. முந்தியே இப்பிடியோ?"

"ஓம். கன வருசமா," என்றாள் மார்த்தா.

"பலமா அமத்தினா நிமித்தலாம். சத்தம் கேக்கும். நீங்கள் வெளியில நிண்டா நல்லது."

"வேண்டாம். அந்தக் கைக்குப் போடாமல் விடுங்கோ."

அவர் கையுறையைப் பைக்குள் வைத்தார். மார்த்தா, அக்கா மக்தலேனாவின் மணிக்கட்டில் செபமாலையைச் சுற்றி, விரல்களின் மேல் ஒரு கைலேஞ்சியை விரித்தாள்.

முந்தின நாள் காலையில், பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்த மக்தலேனா அப்படியே கதிரையில் சாய்ந்தாள். கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில், கன்னியர் மடத்துப் பியானோவில் தொடங்கியவள் அவள். பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா வாசித்து முடிக்கும்வரை தங்கச்சி மார்த்தா பக்கத்து வாங்கில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். ஒரு இசைத்துண்டில் ஓரிடம் வரும். வலக்கையின் கடைசி இரண்டு விரல்களும் எட்டாத தூரத்தை எட்ட வேண்டும். அங்கே அக்கா தவறாமல் தடுக்குவாள். சிஸ்டர் அடிமட்டக் கோலால் தட்டி "திரும்ப" என்பார். திரும்பவும் தடுக்குவாள். மார்த்தாவுக்குப் பசியில் அழுகை வரும்.

பிறகு கொழும்பு. அதன் பிறகு புலமைப்பரிசிலில் லண்டன். பெரிய மண்டபங்களில், கறுப்பு நீளச் சட்டையோடு அக்கா தலைகுனிந்து வணங்கும் படங்கள் தபாலில் வரும். அம்மா அவற்றை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பாள். அந்த மண்டபங்களில் அவள் என்ன வாசித்தாள் என்பதை வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

சண்டையில் வீடும் படங்களும் ஒன்றாகப் போயின. மார்த்தா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தாள். அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில், மணலில் விரித்த பாயில், அம்மா காய்ச்சலோடு கிடந்தாள். "மக்தலேனா வாறாளோ?" என்பதைத் தவிரக் கடைசியில் வேறொன்றும் கேட்கவில்லை. அவள் செத்த அன்று மார்த்தா தபாற்கந்தோரில் காத்திருந்து லண்டனுக்குப் போனில் கதைத்தாள்.

"அக்கா, அம்மா போட்டா."

"இண்டைக்கு எனக்குக் கச்சேரி இருக்கு, மார்த்தா," என்றாள் மக்தலேனா.

"கச்சேரியோ?" என்று மார்த்தா கத்தியேவிட்டாள்.

வரிசையில் பின்னால் நின்ற மனுசன், நிவாரண அட்டைக்காகப் புத்தளம் கச்சேரிக்கு அலைந்து களைத்தவர், "லண்டனிலயும் அரசாங்கக் கச்சேரியில போய் நிக்கவேணுமோ, தங்கச்சி?" என்று இரக்கத்தோடு கேட்டார். மார்த்தா ஓம் என்று தலையாட்டினாள். அம்மாவைத் தனியே அடக்கம் செய்தாள்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் மக்தலேனா ஒற்றைச் சூட்கேசோடு வந்து இறங்கினாள். விரல்கள் மடங்கியிருந்தன. ஏன் என்று மார்த்தா கேட்கவில்லை. சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்துக் கொடுத்தாள், தலை பின்னிவிட்டாள். ஒரே ஒருநாள், மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, நிமிராமல் கேட்டாள்.

"அம்மா போன அண்டைக்கு வாசிச்சனியோ?"

"ஓம்."

"முழுசாவோ?"

"முழுசா."

அதற்குப் பிறகு அந்தக் கதை அந்த வீட்டில் எழவில்லை.

சவப்பெட்டியை விறாந்தையில் வைத்ததும் சனம் கூடத் தொடங்கியது. பக்கத்து வீட்டுச் சபூரா, மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு அவர்களோடு அதே கொட்டில் வரிசையில் இருந்தவள், பிளேன்டி கொண்டுவந்தாள்.

"இதக் குடிங்க மார்த்தாக்கா. நேத்துலருந்து வயித்துல ஒண்டுமில்ல உங்களுக்கு."

மார்த்தா வாங்கிக்கொண்டாள். அவளுடைய மகன் கீர்த்திகன் போனோடு வந்து குனிந்தான்.

"அம்மா, பெரியம்மாட்டப் படிச்ச வெள்ளைக்காரப் பிள்ளை ஒண்டு, அவ வாசிச்ச ரெக்கோடிங் அனுப்பியிருக்கு. செத்த வீட்டில போடச் சொல்லிக் கேக்குது."

"எப்ப வாசிச்சது?"

அவன் திகதியைச் சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கும் விளங்கியது. அம்மம்மாவின் திவசப் பூசைக்கு ஒவ்வொரு வருடமும் அவன்தான் கோயிலில் பெயர் கொடுத்து வருபவன்.

"வேண்டாமெண்டா விடுவம் அம்மா."

"போடு."

கதிரையின் மேல் வைத்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து பியானோ எழுந்தது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டு வரி போவதற்குள் மார்த்தாவுக்குத் தெரிந்துவிட்டது. அதே துண்டு. கன்னியர் மடத்து வாங்கும் வயிற்றுப் பசியும் அவளுக்குள் எழுந்தன.

அந்த இடம் நெருங்கியது. மார்த்தாவின் கை தேத்தண்ணிக் கிளாஸை இறுக்கிப் பிடித்தது. தடுக்கு, என்று மனதுக்குள் சொன்னாள். ஒருக்கா, ஒரே ஒருக்காத் தடுக்கு.

தடுக்கவில்லை. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. எட்டாத தூரத்தை இரண்டு விரல்களும் எட்டிப் பிடித்து, ஒன்றுமே நடக்காததுபோலக் கடந்து போயின.

"என்ன வடிவா வாசிச்சிருக்கிறா," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கீர்த்திகன் அம்மாவின் காதருகே மெல்லச் சொன்னான். "இதுதானாம் கடைசிக் கச்சேரி, அந்தப் பிள்ளை எழுதியிருக்கு. அடுத்தநாள் காலமை எழும்பேக்க ரெண்டு விரலும் மடங்கிப்போய் இருந்ததாம். டொக்டர்மார் பாத்திட்டு நரம்பில ஒரு பழுதும் இல்லையெண்டிட்டினமாம். அதோட மேடையே ஏறேல்லையாம். உங்களுக்குச் சொல்லியிருப்பாதானே?"

மார்த்தா கிளாஸை நிலத்தில் வைத்தாள்.

வாசிப்பு முடிந்தது. ஸ்பீக்கரில் கைதட்டல் வெடித்தது. ஒருத்தர் இரண்டு பேர் அல்ல, நூற்றுக்கணக்கானவர்கள். செத்த வீட்டில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். நிறுத்துவதற்காகக் கீர்த்திகன் விரைந்து கையை நீட்டினான். மார்த்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மக்தலேனாவின் நெற்றியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. மார்த்தா எழுந்து போய்ச் சேலைத் தலைப்பால் வீசினாள். கைதட்டல் நிற்கவில்லை. ஈ எப்போதோ போய்விட்டது. அவள் வீசிக்கொண்டே நின்றாள்.