நம்பர் கேட்க ஒரு செயலி

ஒரு பெண்ணிடம் போன் நம்பர் கேட்க ஒரு நிமிடம் போதும். என் கூட்டாளி சிவநேசனுக்கு ஒரு செமஸ்டர் தேவைப்பட்டது.

பெண்ணின் பெயர் மலர். பிரிக்பீல்ட்சில் இருக்கும் எங்கள் கல்லூரியில்தான் கணக்கியல் படிக்கிறாள். சிவநேசன் போர்ட் கிள்ளானில் ஏறும் கொமுட்டர் ரயிலில் அவள் கிள்ளானில் ஏறுவாள். தினமும் ஒரே பெட்டி. பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள், கேஎல் சென்ட்ரல் வந்ததும் இறங்கிவிடுவார்கள். கேட்டுத் தொலையேன் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவனுக்கோ பயம். கேட்கப் போய் அவள் "எதுக்குண்ணே?" என்று சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் அண்ணன்தான். ரொட்டி சானாய் போடுபவர் முதல் பேருந்து ஓட்டுநர் வரை எல்லாரையும் அண்ணே என்று கூப்பிடும் பெண் அவள். பயம் நியாயம்தான்.

ஆகவே கணினி படிக்கும் ஒருவனால் மட்டுமே செய்ய முடிந்த முட்டாள்தனத்தைச் செய்தான். இறுதியாண்டுத் திட்டமாக மாணவர்களுக்கு ஒரு செயலி. இரண்டு பேர் போன்களை அருகருகே வைத்து, இருவருமே 'சம்மதம்' அழுத்தினால் ஒருவர் நம்பர் மற்றவர் போனில் ஏறிவிடும். வாயே திறக்க வேண்டாம். விரிவுரையாளரிடம் சொன்ன காரணம் வேறு. வாட்சாப் குழுக்களில் பெண்களின் நம்பர்கள் கண்டபடி கைமாறுகின்றனவாம், இதில் கொடுத்தவர் அனுமதியில்லாமல் மூன்றாம் ஆளுக்குப் போகவே போகாதாம். விரிவுரையாளர் உருகிப்போனார். செந்தூலிலிருந்து தினமும் வந்து அவனுக்குக் கைகொடுத்த எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

அறிமுக நாளன்று கேன்டீனில் மேசை போட்டோம். நல்ல கூட்டம். மாணவர்களுக்கு மட்டும் என்று சொல்லியும் கேட்காமல் பாதுகாவலர் தம்புசாமி அங்கிள் என் நம்பரை வாங்கிக்கொண்டு போய், உடனே ஒரு காலை வணக்கப் படம் அனுப்பினார். பிறகு மலர் வந்தாள். திரும்பிப் பார்த்தால் சிவநேசனைக் காணோம். மேசைக்கு அடியில் புகுந்து சார்ஜர் வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவளை எவ்வளவு நேரம்தான் நிற்கவைப்பது? என் போனை நீட்டினேன். செயலி பிரமாதமாக வேலை செய்தது. மலரின் நம்பர் எனக்கு வந்துவிட்டது.

வந்த கோபத்துக்கு அவனை அந்த வயரிலேயே கட்டிப்போட்டிருப்பேன். ஆனால் பாவம், முகம் தொங்கிப்போயிருந்தது. நம்பரைச் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றேன். மாட்டேன் என்றான்.

"அவங்க உனக்குத்தான் குடுத்தாங்க. நான் போட்ட ரூல நானே உடைச்சா அப்புறம் அந்த ஆப் எதுக்கு லா?"

அந்த நிமிடம் அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாள் காலை கொமுட்டரில் அவனே மலரிடம் போனை நீட்டியிருக்கிறான். போனில் இடம் போதவில்லை என்று வீட்டுக்குப் போனதுமே செயலியை அழித்துவிட்டாளாம். வேறு வழியில்லாமல் அவன் வாய் திறந்து கேட்க, அவள் நம்பரைச் சொல்ல, சுபாங் ஜெயா வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணே என்ற பேச்சே எழவில்லை. அன்று மதியம் எனக்கு வாழையிலைச் சாப்பாடு கிடைத்தது.

அடுத்த நாளிலிருந்து பரீட்சைக்குப் படிக்க விடுமுறை. சிவநேசன் சேர்ந்து படிக்கலாம் என்று செந்தூலுக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டான். ஒரு வாரம் கழித்து என் போன் அடித்தது. மலர்.

"நைஜல், உங்க கூட்டாளி என் நம்பர வாங்கி ஒரு வாரம் ஆச்சு. அவர் நம்பர் எங்கிட்ட இல்ல. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க, போன் பண்றதுக்கும் ஒரு ஆப் செஞ்சிக்கிட்டு இருக்காரா?"

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே சிவநேசன், ஒரு பெண்ணிடம் முதல் தடவை போனில் என்ன பேசலாம் என்று சொல்லித்தரும் செயலிக்கு முதல் திரையை வரைந்துகொண்டிருந்தான். பேனாவைப் பிடுங்கினேன். என் போனை அவன் காதில் வைத்து அழுத்தினேன்.