கண்மாய்க்குள் கூட்டம்

"நம்ம கண்மாய்க்கு மேலதான் வருவேன். யாருட்டயும் சொல்லிக்கிடாதம்மா" என்று சிவரஞ்சனி போனில் சொன்னதை மாரிச்செல்வி ஒரே ஒரு ராத்திரி காப்பாற்றினாள். விடிந்ததும் வன்னியம்பட்டியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. விமானம் ஓட்டப் படிக்கிற மகள் முதன்முதலாகத் தனியாக ராஜபாளையம் வரை பறந்து வருகிறாள் என்றால் எந்த வாய்தான் சும்மா இருக்கும்?

பத்து மணிக்கு, வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற உக்கிரபாண்டி சலவைச் சட்டையில் வந்திருந்தார்.

மலைப் பக்கமிருந்து சின்ன விமானம் வந்தது. எல்லோரும் கையாட்டினார்கள். மாரிச்செல்விக்கு மட்டும் கை எழவில்லை. கிணற்றடி ஆயில் எஞ்சின் சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்டு, டீசல் தீரப்போகிறது என்று சொல்லிவிடுகிறவள் அவள். அதே விக்கல் மேலே கேட்டது. இரண்டு முறை விக்கிவிட்டுச் சத்தம் அடியோடு நின்றது.

"நம்மளப் பாக்கத்தான் தாழ வாரா" என்று சிரித்தார் உக்கிரபாண்டி.

"இல்லண்ணே. எஞ்சின் நின்னுபோச்சு. எறங்க எடம் தேடுதா."

சுற்றிலும் தென்னந்தோப்பு, கரண்டுக் கம்பி, சீமைக்கருவேலங்காடு. இறங்கத் தோதான இடம் கண்மாய் ஒன்றுதான். அதற்குள் மாரிச்செல்வியே கூட்டி வைத்த கூட்டம்.

"கரைக்கு ஏறுங்க" என்று கத்தினாள். ஒருவரும் அசையவில்லை. செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கிடந்த கருவேல விளாரை எடுத்து, ஆடு பத்தி விரட்டுவதுபோல விளாசினாள். உக்கிரபாண்டிக்கும் ஒன்று விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவர் பட்டாளத்துக் குரலை எடுத்தார். கூட்டம் விழுந்தடித்துக் கரையேறியது.

மாரிச்செல்வியும் கரைக்கு ஏறி நிமிர்ந்து பார்த்தபோது விமானம் கருவேலங்காட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. "இங்க வாட்டி, இங்க" என்று முந்தானையை வீசினாள். கேட்காது என்று அவளுக்கே தெரியும். இறக்கை சாய்ந்தது. மரத்தலைகளை உரசியபடி திரும்பி வந்து, கண்மாய்த் தரையில் குதித்துக் குதித்துப் புழுதிக்குள் மறைந்தது.

புழுதி அடங்கியதும் பார்த்தால் ஒரு சக்கரம் ஒடிந்திருந்தது. சிவரஞ்சனி கதவைத் திறந்து இறங்கி வந்தாள். மாரிச்செல்வி அவள் தலையை, கையை, வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"நாந்தாண்டி எல்லாத்தையும் கூட்டியாந்தேன்" என்று அழுதாள்.

"தெரியும்மா. மேலருந்தே ஒன் செவப்புச் சேலையப் பாத்துட்டேன்." சிவரஞ்சனி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அதான் முள்ளுக்குள்ளயே விட்டுருவோம்னு திருப்புனேன். நீங்க கரைக்கு ஏறுனது தெரிஞ்ச பொறவுதான் இங்க வந்தேன்."

மாரிச்செல்வி அந்தக் கருவேலங்காட்டை ஒரு தரம் பார்த்தாள். இரண்டாம் தரம் பார்க்க அவளால் முடியவில்லை.