காயாத வெள்ளைக் கார்

வாடகைக் கார் நிலையத்தின் வெள்ளைக் கார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கழுவப்பட்டது. அதற்குப் பிறகு இந்தப் பதினோரு ஆண்டுகளில் அது காயவில்லை. உச்சி வெயிலில் நின்றாலும் சரி, நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் சரி, கூரை முதல் கதவுகள் வரை தண்ணீர் மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும். அடியில் சொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கைகள் உலர்ந்தே இருந்தன. இன்ஜினுக்கு ஒரு கேடும் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது என்ன செய்தது என்பதை ஒழுங்காகச் சொல்லிவிடலாம். அதற்கு முதலில் அந்த நிலையத்தில் வண்டியை எப்படிக் கொடுத்தார்கள், எப்படித் திருப்பி வாங்கினார்கள் என்பது தெரிய வேண்டும்.

அங்கே பதினான்கு வண்டிகள் இருந்தன. முன்னால் ஒரு மேசை, பின்னால் தகரக் கூரை போட்ட கழுவுமிடம். வண்டி கழுவியவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த முதலாளியும் அப்படித்தான். அவளுடைய கணவர் திரும்பி வரும் வண்டிகளைப் பரிசோதிப்பவர். கையில் எப்போதும் ஒரு நீள டார்ச் இருந்ததால் அவர் பெயரே டார்ச் ஆகிவிட்டது. அக்காவுக்கு முதலாளி ஒரே ஒரு விதி வைத்திருந்தார்: வாடிக்கையாளர் வாசலுக்கு வந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், துணியால் துடைக்கவே கூடாது. "துடைச்சா துணித்தடம் விழும்க்கா. தானா வடியட்டும், பளபளன்னு நிக்கும்" என்பார். அக்கா அதை நம்பினாள். அழகுக்காகத்தான் என்று நினைத்தாள்.

உண்மையில் அது கண்ணுக்குச் செய்யும் வேலை. வறண்ட காலில் நகத்தால் ஒரு கோடு போட்டால் வெள்ளையாகத் தெரியும். அதன்மேல் எண்ணெய் தடவினால் கோடு மறைந்துவிடும். காரின் கீறலும் அப்படித்தான். பெயின்டில் ஒரு சின்ன வாய்க்கால் விழுகிறது, அதன் கரைகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுகிறது, அந்தச் சிதறலைத்தான் நாம் கீறல் என்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் நிரம்பினால் மேற்பரப்பு சமமாகிவிடும், வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போய்விடும். வாடிக்கையாளர் ஈர வண்டியைச் சுற்றி வந்து, காரின் படம் அச்சிட்ட தாளில் ஒரு பெருக்கல் குறியும் போடாமல் கையெழுத்துப் போடுவார். திரும்பி வரும்போது வண்டி காய்ந்திருக்கும். அப்போது டார்ச் வருவார். அவர் வெளிச்சத்தை நேராக அடிக்க மாட்டார்; டார்ச்சைக் கதவோடு கதவாகப் படுக்க வைத்துப் பிடிப்பார். சாயங்கால வெயிலில் தரையில் கிடக்கும் கூழாங்கல்லுக்கும் நிழல் நீளுமே, அதுபோல ஒரு மயிரிழைக் கீறலும் நிழலோடு எழுந்து நிற்கும். முன்பணம் அதோடு போயிற்று. மற்றக் கட்டணங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள்: சாவியைக் கைமாற்றும் கட்டணம், ஒன்பது நிமிடத் தாமதத்துக்கு ஒரு முழு நாள், ஜன்னலைத் திறந்து ஓட்டினால் தூசிக் கட்டணம். எல்லாம் தாளின் பின்பக்கத்தில், எறும்பு வரிசை போல அச்சாகியிருக்கும்.

கீறல்களை அவர்கள் ஒருநாளும் சரி செய்ததில்லை. சரி செய்தால் அடுத்தவரிடம் எதைக் காட்டுவது?

அக்காவுக்கு ஒரு தம்பி. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரையும் வீட்டுக்கு அழைத்து வர அவன் வெள்ளைக் காரை எடுத்தான். சாவி வெட்டும் கடை ஒன்று தொடங்குவதற்காக வைத்திருந்த பணம்தான் முன்பணம். மறுநாள் கைக்கு வந்துவிடும், கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. தம்பி எடுக்கிற வண்டி என்று அக்கா அன்று இரண்டு வாளி கூடுதலாகவே ஊற்றினாள். கார் கண்ணாடி போல நின்றது. மறுநாள் அவன் திருப்பிக் கொண்டுவந்தபோது முதலாளி டார்ச்சின் தோளருகே நின்றிருந்தார். இடது பின்கதவில் வெளிச்சம் விழுந்தது. ஒரு சாண் நீளக் கீறல், முனையில் தூண்டில்போல வளைந்து.

"மாமா, நான் இதைத் தொடவே இல்ல. நீங்களே சொல்லுங்க" என்றான் தம்பி.

டார்ச் விளக்கை அணைத்தார். "கோடு இருக்குது மாப்ள" என்றார். அது பொய் அல்ல. எப்போதிருந்து இருக்கிறது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

தம்பி கழுவுமிடத்துக்கு வந்தான். "நல்லா ஊத்துனக்கா. கண்ணுல தண்ணி ஊத்துற மாதிரி ஊத்துன" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சொல்லில்தான் துணி ஏன் கூடாது என்பது அவளுக்கு விளங்கியது. சாவிக் கடை வேறொருவர் கைக்குப் போனது. தம்பி அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். அவளும் எந்த முகத்தோடு போவாள்? குழந்தையை அவள் பார்க்கவே இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வெள்ளைக் காரைக் கழுவினாள்.

முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் முதலாளி விதியை மறந்து துணியால் துடைக்கச் சொன்னார். பதினெட்டுத் துணிகள் நனைந்தன. மின்விசிறி வைத்தார்கள். பெயின்ட் அடித்து உலர்த்தும் சூடான அறையில் ஒரு பகல் முழுக்கப் பூட்டி வைத்தார்கள். அறையில்தான் ஆவி நிறைந்தது, கார் அப்படியே இருந்தது. வேறு ஆளை வைத்துக் கழுவிப் பார்த்தார்கள். ஒரு மாதம் கழுவாமலே விட்டார்கள். அக்கா நிற்கும் இடத்திலிருந்து தள்ளி, தெருக்கோடியில் நிறுத்தினார்கள்; அங்கே தார்ச்சாலையின் வெடிப்பில் புல் முளைத்தது. வாடிக்கையாளர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. கோடையில் வண்டி குளுகுளுவென்று இருந்தது. எந்த வெளிச்சத்தை எப்படிப் படுக்க வைத்தாலும் கீறல் தெரியாததால் முன்பணம் முழுசாகத் திரும்பி வந்தது. முதலாளி தாளின் பின்பக்கத்தில் ஈரப் பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு வரி சேர்த்தார். ஈரத்துக்கு என்ன பராமரிப்பு என்று ஒருவர் கேட்டதற்கு, "காயாம பாத்துக்கறோம்ல" என்றார்.

இரண்டு ஆண்டுகளில் போக்குவரத்து அலுவலகத்தில் வெள்ளைக் காரைப் பற்றி இருபத்தாறு புகார்க் கடிதங்கள் சேர்ந்தன. தம்பியின் கடிதம்தான் முதலாவது. கடைசியில் ஒரு விசாரணை நாள் குறித்தார்கள். முதலாளிக்கு இப்போது அந்தத் தண்ணீர் தெய்வம்போல வந்து உதவியது. வாங்கிய பணத்தில் கீறல்களையெல்லாம் சரி செய்துவிட்டோம், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். பார்த்தால் ஒரு கீறலும் தெரியாது.

விசாரணைக்கு முந்தின வாரம் அக்கா பஸ்ஸில் போனாள். அன்று பகல் கழுவுமிடத்தில் கணவரிடம் சொன்னாள்: "அவன் பொண்ணு நடக்குது. ரோட்டோரமா அவன் கையைப் பிடிச்சிட்டு நடக்குது. நான் பஸ் ஜன்னல் வழியா பார்த்தேன். சிக்னல் விழுந்ததால பார்த்தேன், இல்லன்னா அதுவும் இல்ல." அவள் திட்டவில்லை. டார்ச்சுக்குத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. காரை மூன்று சுற்றுச் சுற்றினார். புடவைத் தலைப்பு நனைந்ததுதான் மிச்சம். புகார் கொடுத்தவர்கள் கம்பி வேலி ஓரமாக நின்றார்கள், தம்பியும் நின்றான். வண்டி புதிது போலத்தானே இருக்கிறது என்று அவர் எழுதத் தொடங்கியபோது டார்ச் தன் விளக்கைத் தரையில் வைத்தார்.

"வேலை வேணுமா வேணாமா உனக்கு?" என்றார் முதலாளி பல்லைக் கடித்தபடி.

டார்ச் கண்ணை மூடிக்கொண்டு, ஆட்காட்டி விரலின் நகத்தைத் தண்ணீருக்குள் ஓடவிட்டார். இதுவும் தொழிலில் உள்ள முறைதான். கண்ணுக்கு மறைகிற வாய்க்கால் நகத்துக்கு மறையாது. கரையில் வந்து 'டிக்' என்று தட்டும். இடது பின்கதவில் நகம் தட்டியது.

"ஒரு சாண் நீளம், முனையில தூண்டில் மாதிரி வளையும். இதை யாரும் சரி பண்ணல. இது என் மச்சினன் போட்டது இல்ல, அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே இருந்துச்சு. பதிமூணு பேருகிட்ட இதுக்குப் பணம் வாங்கிட்டோம். அவன் பதினாலாவது."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்றார் அதிகாரி.

"கோடு இருக்கான்னுதான் எல்லாரும் கேட்டாங்கம்மா. எப்பலேருந்துன்னு யாரும் கேக்கல."

"நீங்களாவும் சொல்லல."

"ஆமாம்மா. சொல்லல."

வேலி ஓரமிருந்து தம்பியின் குரல் வந்தது. "வாங்கும்போது கண்ணு போதும். திருப்பிச் சொல்ல மட்டும் விரல் வேணுமா மாமாவுக்கு?"

டார்ச் கண்ணைத் திறக்காமல் அடுத்த கதவுக்குப் போனார். மதியம் வரை போனது. பெற்ற பிள்ளையின் உடம்பிலுள்ள தழும்புகளைச் சொல்வதுபோல ஒவ்வொரு கீறலுக்கும் ஆண்டையும், பணம் கொடுத்தவர்களின் தொழிலையும் சொன்னார்: ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு வாத்தியார், தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி. இருபத்து மூன்று கீறல்கள். எல்லோருக்கும் பணம் திரும்பியது. அன்றே டார்ச்சுக்கு வேலை போயிற்று.

அவர் நிலையத்தின் வாசலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வண்டி எடுக்க வருகிறவர்கள் கையெழுத்துக்கு முன் அவரைக் கூப்பிட்டு நகத்தால் பார்க்கச் சொன்னார்கள். கூலியை அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பிறகு நிலையம் இரண்டு கை மாறியது. புது முதலாளிகள் காரைக் காயவைக்க முயலவில்லை. விலைப் பட்டியலில் வெள்ளை, ஐந்து இருக்கை, ஈரம் என்று போட்டார்கள். வாடிக்கையாளர்களும் துண்டு கொண்டுவரப் பழகினார்கள்.

ஆனால் நிலையம் கை மாறியதெல்லாம் பின்னால். விசாரணை முடிந்து நான்கு மாதம் தம்பி வரவில்லை. பணம் தபாலில் போயிற்று, ரசீது தபாலில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவன் மனைவியோடும் குழந்தையோடும் நிலையத்து வாசலில் வந்து நின்றான். ஸ்டூலில் இருந்தவரைப் பார்க்காமல் அட்டையைப் படித்தான்.

"வெள்ளை வண்டி எடுக்கணும். பார்த்துக் குடுக்க ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

டார்ச் எழுந்து போய்த் தாளில் இருபத்து மூன்று பெருக்கல் குறிகள் போட்டார். கார் படமே தெரியவில்லை. அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"எங்கடா போறீங்க, இவ்வளவு வெயில்ல?"

"உன் வீட்டுக்குத்தான்."

"என் வீட்டுக்கா? நடந்தா பத்து நிமிஷம்டா."

"தெரியும்க்கா. இவ்வளவு நாள் கழிச்சு நடந்து வர ஒரு மாதிரியா இருந்துச்சு."

ஐந்து பேரும் ஏறினார்கள். குழந்தை அக்காவின் மடியில் உட்கார்ந்து ஜன்னலில் ஓடும் தண்ணீரை விரலால் துரத்தியது. தம்பி உச்சி வெயிலில் வைப்பரைப் போட்டுக்கொண்டு ஓட்டினான். வீட்டு வாசலில் கார் நின்று சொட்டத் தொடங்கியதும், எதிர்வீட்டுக்காரி ஒரு பழைய பெயின்ட் டப்பாவை எடுத்து வந்து அதன் அடியில் வைத்துவிட்டு, செடிக்கு ஆகும் என்று சொல்லி உள்ளே போனாள்.