காலருகே வைத்த புட்டி

ஹெக்டர் ஷாவின் உடல் வந்து சேர்வதற்குள் தீவே களைத்துப்போயிற்று. அடித்த காற்றில் கப்பல்காரர்கள், கப்பல் இன்று வராது, நாளைக்கும் சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் செத்த மனிதர், செத்த பிறகும் அக்கரைத் துறைமுகத்தில் காத்துக் கிடந்தார். ஆலைக்கு வரவேண்டிய பார்லி லாரிகளும் அங்கேயேதான் நின்றன. ஒருவழியாகக் கப்பல் வந்தபோது முதலில் பார்லி இறங்கியது. அப்புறம்தான் ஹெக்டர்.

“உயிரோட இருந்தப்பவும் அவனை இப்படித்தான் வெச்சிருந்தானுங்க. பார்லிக்கு அப்புறம்தான் அவன்” என்றார் டூகல்ட் பூயி. பக்கத்தில் நின்றவர்கள் வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள்.

டூகல்ட் அப்படித்தான். அழுகை வரும்போதெல்லாம் வாய் எதையாவது உளறிவிடும். ஹெக்டரும் அவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஆலை. ஆர்ட்வானிக் விஸ்கி ஆலையில் டூகல்டுக்குத் தொட்டி வேலை. அரைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்க வேண்டும். ஹெக்டருக்குக் கொப்பரை வேலை. செப்புக் கொப்பரையிலிருந்து வடிந்து வருகிற புதுச் சரக்கு, பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடும். முதலில் வருவது ஆகாது, கடைசியில் வருவதும் ஆகாது. நடுவில் வருவது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்துக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பலில்தான் ஆலையின் பேரே இருக்கிறது. ஹெக்டர் திருப்பினால் திருப்பினதுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

ஆனால் அந்த மனிதர் தன் கையால் வடித்ததில் ஒரு சொட்டு நாக்கில் விட்டதில்லை. குடியை விட்ட பிறகு விட்டதில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவர் குடித்த குடிக்குக் கணக்கே இல்லை. விழுந்து கிடப்பார். டூகல்ட் காலைப் பிடிக்க, இன்னொருவன் தோளைப் பிடிக்க, மேட்டு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். மனைவி இஷ்பெல் கதவைத் திறப்பாள். திட்ட மாட்டாள், அழ மாட்டாள். “கொண்டாந்து சேத்துட்டியா? சரி, போ” என்பாள். அவ்வளவுதான். டூகல்டின் சித்தப்பா மகள் அவள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று டூகல்ட் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

பிறகு ஒரு குளிர்காலத்தில், ஹெக்டர் மகள் கர்ஸ்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, போதையில் வேனைக் கொண்டுபோய்த் துறைச் சுவரில் மோதினார். குழந்தைக்கு இடது கால் போயிற்று. போயிற்று என்றால், இருக்கிறது, ஆனால் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள், இன்றைக்கும். அன்றோடு விட்டவர்தான் ஹெக்டர். ஆலையை மட்டும் விடவில்லை. ஏனய்யா அங்கேயே கிடந்து சாகிறாய் என்று கேட்டால், “முட்டுற காளைக்கு முதுகைக் காட்டக் கூடாது. பாத்துக்கிட்டே இருக்கணும்” என்பார். சட்டைப் பையில் எப்போதும் டாஃபி மிட்டாய் வைத்திருப்பார். மற்றவர்கள் கிளாஸைத் தூக்கும்போது அவர் ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார்.

ஒரு நாள், புதுச் சரக்கை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்துவிட்டு, டூகல்டிடம் சொன்னார்: “இதோட ருசி எப்படியிருக்கும்னே மறந்துபோச்சுடா.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு டூகல்டின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஐயோ பாவி, ஊர் உலகமெல்லாம் குடிக்கிறதை வடிக்கிறவனுக்கு அதன் ருசி தெரியாதே என்று வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லிப் புலம்பினார்.

அடக்கத்துக்கு முதல் நாள் ஆலை மேலாளர் ஃப்ரேசர் ஒரு பெட்டி நிறைய விஸ்கிப் புட்டிகளோடு வந்தார். சின்ன வயசு, எடின்பரோக்காரர், நல்ல பிள்ளை.

“டூகல்ட், நாளைக்குக் கொப்பரையை நிறுத்திடறோம். எல்லாரும் கல்லறைக்கு வரட்டும். இது ஹெக்டர் குடியை விட்ட வருஷம் அவரே வடிச்சு பீப்பாயில வெச்ச சரக்கு. அங்க எல்லாருக்கும் ஊத்துங்க.”

அடக்கம் முடிந்ததும் கல்லறையிலேயே ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றுவது தீவின் வழக்கம். குழி தோண்டினவர்களும் சவப்பெட்டி சுமந்தவர்களும் அதை வாங்காமல் வீடு திரும்ப மாட்டார்கள். டூகல்ட் புட்டிப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். அதிலிருந்து ஒரு புட்டியை உருவிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு மேட்டு வீட்டுக்கு நடந்தார்.

முன்னறையில் சவப்பெட்டி திறந்திருந்தது. ஹெக்டர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் படுத்திருந்தார். முகத்தில் ஒரு களைப்பு, வேறொன்றுமில்லை. இஷ்பெல் தேநீர் போட உள்ளே போனாள். டூகல்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். காலடியில் மூடியிருந்த வெள்ளைத் துணியைத் தூக்கி, பாதத்துக்குப் பக்கத்தில் புட்டியைச் சாய்த்து வைத்து மூடினார்.

“இனிமே யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்கடா. நிதானமாக் குடி” என்று காதோடு சொன்னார். அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இஷ்பெல் தேநீரோடு வந்து, அவர் அழுவதைப் பார்த்து, தோளில் தட்டிக்கொடுத்தாள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு டூகல்ட் அன்று வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலையில் அந்த நிம்மதியில் மண் விழுந்தது. சவப்பெட்டிக்காரர் மர்டோ மூடியைத் திருகி முடித்திருந்தார். போதகர் வந்தாயிற்று. இஷ்பெல் டூகல்டை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

“கல்லறையில யாரும் புட்டியைத் திறக்கக் கூடாது. நீதான் ஆளுங்ககிட்டச் சொல்லணும்.”

“என்ன இஷ்பெல் சொல்ற? மழையில நின்னு குழி தோண்டியிருக்கானுங்க.”

“தெரியும். வீட்டுக்கு வரட்டும், வயிறாரச் சூப்பும் இறைச்சியும் போடறேன். அங்க மட்டும் அந்த வாடையே வரக் கூடாது. அவருக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். ஆஸ்பத்திரியில கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாரு. ‘என்னைச் சுத்தமாக் கொண்டுபோய் விட்டுரு’ன்னாரு. அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டாரு.”

டூகல்ட் முன்னறைப் பக்கம் பார்த்தார். சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். மர்டோவைக் கூப்பிட்டு, திருகைக் கழற்றி, எடுத்துவிடலாம். ஆனால் முன்னறையில் கர்ஸ்டி உட்கார்ந்திருக்கிறாள், ஊரே உட்கார்ந்திருக்கிறது. எப்படிச் சொல்வது? என்னவென்று சொல்வது? மண்ணுக்குள் போன பிறகு யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கோழைப் புத்தி உள்ளிருந்து சொல்லிற்று. டூகல்ட் அதன் பேச்சைக் கேட்டார்.

“சரி, சொல்றேன்” என்றார்.

ஆட்களிடம் சொன்னபோது ஒரே முணுமுணுப்பு. “அப்ப எங்களுக்கு என்ன, மிட்டாயா?” என்றான் கிடங்கில் பீப்பாய் உருட்டுகிற ஆங்கஸ்.

“ஆமா, மிட்டாய்தான்” என்று வாசலிலிருந்து இஷ்பெலின் குரல் வந்தது. கையில் ஹெக்டரின் டாஃபி டப்பா. ஆங்கஸ் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கடலோரக் கல்லறைக்கு ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துச் சுமந்துபோனார்கள். ஆலைப் புகைபோக்கியில் புகையில்லை. அந்த ஊரில் அது கண்ணை உறுத்தும். டூகல்ட் தன் முறை வந்தபோது பின்பக்கம் தோள் கொடுத்தார். அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் காது பெட்டியிலேயே இருந்தது. மேட்டில் ஏறும்போது ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போதும் கேட்கவில்லை. பாதத்துக்கும் பலகைக்கும் நடுவில் நன்றாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது போல என்று மூச்சு விட்டார்.

பெட்டியை இறக்குவதற்குக் கயிறுகள் உண்டு. எந்தக் கயிறு யாருக்கு என்பது அங்கே சின்ன விஷயமில்லை. அதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் இருக்கின்றன. தலைமாட்டுக் கயிறு கர்ஸ்டிக்கு. கால்மாட்டுக் கயிறு டூகல்டுக்கு. மற்றதெல்லாம் மச்சான்மார்களுக்கும் ஆலை ஆட்களுக்கும்.

போதகர் ஜெபம் சொல்லி முடித்தார். மழை பொடிப்பொடியாய்த் தூறியது. “இறக்குங்க” என்றார் மர்டோ. எல்லோரும் ஒரே சீராகக் கயிற்றை விட்டார்கள், டூகல்டைத் தவிர. ஆடக் கூடாது, சாயக் கூடாது என்று அவர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விரல் விரலாக விட்டார். அந்தப் பயமே காட்டிக்கொடுத்துவிட்டது. தலைமாடு கீழே போய்விட்டது, கால்மாடு மேலேயே நின்றது.

பெட்டிக்குள் ஏதோ கடகடவென்று உருண்டது. பிறகு மரத்தில் டொக்கென்று இடித்து நின்றது.

அந்தத் தீவில் புட்டி உருளும் சத்தம் தெரியாத காது கிடையாது. போதகர் உட்பட எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கயிறுகள் அப்படியே நின்றன.

“மேல தூக்குங்க” என்றாள் இஷ்பெல்.

“இஷ்பெல், இந்த நேரத்துல...” என்று போதகர் ஆரம்பித்தார்.

“மேல தூக்குங்கன்னு சொன்னேன்.”

தூக்கிப் புல்லில் வைத்தார்கள். மர்டோ மண்டியிட்டுத் திருகுகளைக் கழற்றினார். இஷ்பெலே மூடியை விலக்கினாள். புட்டி ஹெக்டரின் வலது கைக்குப் பக்கத்தில் வந்து கிடந்தது, அவர் கை நீட்டி எடுத்து வைத்துக்கொண்டது போல. அதைப் பார்த்ததும் கர்ஸ்டி, “அப்பா” என்று ஒரு சத்தம் போட்டாள். பிடித்திருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள்.

“யாரு?” என்றாள் இஷ்பெல்.

“நான்தான்” என்றார் டூகல்ட். “நான்தான் வெச்சேன். நேத்து. நீ தேநீர் போடப் போனப்ப. காலையில நீ சொன்னப்பவே சொல்லியிருக்கணும், வாய் வரல. அவன் வடிச்சதோட ருசி அவனுக்கே மறந்துபோச்சுன்னு ஒரு நாள் சொன்னான் இஷ்பெல். அங்க போயாவது...”

“மறந்துபோச்சா?” இஷ்பெல் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். “ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவருக்கு அது மறந்திருக்குமாடா? வேலை முடிஞ்சு வந்து வாசப்படியிலயே உக்காந்திருப்பாரு. சட்டையில அந்த வாடை போற வரைக்கும் உள்ள வர மாட்டாரு. கை நடுங்கும். நான் பக்கத்துல உக்காந்து அந்தக் கையைப் பிடிச்சுக்குவேன். மழையானாலும் பிடிச்சுக்குவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் தள்ளினோம். எவனுக்கும் தெரியாது. உனக்குக்கூடத் தெரியாது.”

அவள் குனிந்து புட்டியை எடுத்தாள்.

“அங்க நான் இல்லையேடா, டூகல்ட். பிடிச்சுக்க ஆளில்லாத இடத்துல, கை எட்டுற தூரத்துல இதைக் கொண்டுபோய் வெச்சியே.”

டூகல்ட் அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஊரே பார்க்க, அந்தக் கிழவர் குழந்தை மாதிரி அழுதார். தேற்ற ஒருவரும் வரவில்லை. ஆங்கஸ் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

இஷ்பெல் புட்டியைக் கொண்டுபோய்க் கல்லறைச் சுவர் மேல் வைத்தாள். திரும்பி வந்து, கணவனின் கையை எடுத்து நெஞ்சின்மேல் சரியாக வைத்தாள். கோட்டுப் பைக்குள் ஒரு டாஃபியைப் போட்டாள். மர்டோவைப் பார்த்துத் தலையசைத்தாள். மூடி மறுபடி திருகப்பட்டது.

கால்மாட்டுக் கயிறு மண்ணில் கிடந்தது. அதை எடுக்க மச்சான் ஒருவன் குனிந்தான்.

“விடு. அது டூகல்டோடது” என்றாள் இஷ்பெல்.

“நான் வேண்டாம் இஷ்பெல். என் கையால வேண்டாம்.”

“உன்னைக் கேக்கல. கயிறு யார் யாருக்குன்னு அவரே சொல்லிட்டுத்தான் போனாரு. ‘காலுக்கு டூகல்ட். விழுந்து கிடந்தப்பல்லாம் காலைப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தவன். கடைசித் தடவையும் அவனே பிடிக்கட்டும்’னாரு. எழுந்திரு.”

டூகல்ட் முழங்காலை ஊன்றி எழுந்தார். கர்ஸ்டி சாய்ந்து சாய்ந்து நடந்துவந்து, ஈரக் கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “மெதுவா மாமா. எங்களோடவே விடுங்க” என்றாள்.

இந்தத் தடவை அவர் மற்றவர்களோடு சேர்ந்தே விட்டார். பெட்டி சமமாக இறங்கியது. இஷ்பெல் குழியின் விளிம்பில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மழைச் சத்தம் இருந்தது, கடல் சத்தம் இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. அடியில் போய்த் தரையைத் தொட்டதும் கயிறுகள் தளர்ந்தன.

டூகல்ட் தன் கயிற்றை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார். இஷ்பெல் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதை வாங்கிக் குழிக்குள் போட்டாள்.

“கொண்டாந்து சேத்துட்ட” என்றாள். “சரி, போ.”